தலை வெட்டுப்பட்ட சக்ரவர்த்திகள்

சென்ற மாதம் பழவேற்காட்டு ஏரிக்கரையிலுள்ள ஒரு மீனவர் குப்பத்தில், தோழர் ஒருவர் வீட்டில் நடந்த சுயமரியாதைக் கல்யாணத்திற்குப் போயிருந்தோம். புரோகிதனும், ஓமப்புகையும், நாள் நட்சத்திரமும் இல்லாமல் அரை மணி நேரத்தில் காரியம் முடிந்தது. சாப்பாடு ஆனபிறகு பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கையில், ஒரு கிழவி தன் பேரனை மடியில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பையனுக்கு இரண்டு வயதிருக்கும். நாலு நாளாகக் காய்ச்சலாம். அவன் அரைஞாண் கயிற்றில் ஒரு பச்சை பிடித்த செப்புக் காசு தொங்கியது. அதைத் தொட்டுப் பார்க்கப் போனதும் கிழவி பதறிவிட்டாள்.

"அதை எடுத்துடாதீங்க அய்யா. ராஜா காசு. காத்துக் கருப்பு அண்டாம இருக்கப் பூசாரி மந்திரிச்சுக் கட்டினது" என்றாள்.

பூசாரிக்கு எவ்வளவு என்று கேட்டோம். முன்னூறு ரூபாயும் ஒரு கோழியுமாம். ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா என்று கேட்டோம். காசு கட்டியிருக்கும்போது ஊசி போட்டால் இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்த்துக்கொள்ளும் என்று பூசாரி சொல்லியிருக்கிறானாம்! தன் சரக்குக்குப் போட்டியாக வேறு கடை இருப்பதை எந்த வியாபாரிதான் ஒப்புவான்?

காசைத் திருப்பிப் பார்த்தோம். அதில் எந்த ராஜாவும் இல்லை. வி, ஓ, சி என்ற மூன்று எழுத்துக்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடந்தன. பள்ளிக்கூடம் போகிற பையன் ஒருவன் எட்டிப் பார்த்து, "இது கப்பலோட்டிய வ. உ. சி. காசு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பையன் சொன்னதிலும் பாதி நியாயம் உண்டு. கப்பல் கம்பெனிக் காசுதான் அது. ஆனால் நம் வ. உ. சி.யின் கம்பெனி அல்ல. டச்சுக்காரருடைய கிழக்கிந்தியக் கம்பெனி. 1613-ல் இதே பழவேற்காட்டில் கெல்டிரியா என்று ஒரு கோட்டையைக் கட்டிக்கொண்டு, சோழமண்டலக் கரை முழுவதற்கும் இதைத் தலைமையிடமாக வைத்து, இங்கேயே அக்கசாலையும் நடத்தியவர்கள் அவர்கள். துணி ஏற்றிய கப்பலிலேயே மனிதர்களையும் ஏற்றினார்கள். 17-ம் நூற்றாண்டின் பஞ்ச காலங்களில், வயிற்றுக்கில்லாமல் தன்னையும் தன் பிள்ளைகளையும் விற்றுக்கொண்ட தமிழரையும் தெலுங்கரையும் ஆயிரக்கணக்கில் பழவேற்காட்டிலிருந்து பட்டேவியாவுக்கு அடிமைகளாக ஏற்றுமதி செய்த கம்பெனியின் முத்திரை அது. பிள்ளைகளை விலைக்கு வாங்கினவனுடைய முத்திரை, இன்று ஒரு பிள்ளையின் இடுப்பில் காவல் தெய்வமாகத் தொங்குகிறது!

இதோடு விஷயம் முடியவில்லை. சில மாதங்களுக்கு முன் மோட்டாரில் வந்த பேர்வழி ஒருவன், அதே குப்பத்தில் வேறொருவரிடமிருந்த பழங்காசைப் பார்த்து, "இது ரோமாபுரிச் சக்ரவர்த்தியின் காசு, இதற்கு இடியை இழுக்கும் சக்தி உண்டு, அரிசியைப் பக்கத்தில் வைத்தால் தானாக நகர்ந்து வரும், வெளிநாட்டுக் கம்பெனி கோடி ரூபாய் கொடுக்கும், ஆனால் முதலில் சோதனைச் செலவுக்கு நீ பணம் கட்டவேண்டும்" என்றானாம். அந்த மனிதர் படகின் எஞ்சினை அடகு வைத்துப் பணம் கட்டினார். வந்தவன் போனவன்தான். இந்த "ரைஸ் புல்லிங்" மோசடியைப்பற்றியும் "இரிடியம்" மோசடியைப்பற்றியும் தமிழ்நாட்டுப் போலீசார் வருஷாவருஷம் வழக்குப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். படிக்காதவர் மட்டுமல்ல, பட்டம் பெற்றவர்களும் இதில் லட்சக்கணக்கில் ஏமாந்திருக்கிறார்கள். அரிசி நகர்கிறதென்றால் அதில் இரும்புத்தூளைத் தடவி, கீழே காந்தத்தை வைத்திருப்பான் என்று ஐந்தாவது வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். ஆனால் "சக்ரவர்த்தி" என்றும் "தெய்வ சக்தி" என்றும் இரண்டு வார்த்தை காதில் விழுந்தவுடன் நம்மவர்களுக்கு மூளை வேலைநிறுத்தம் செய்துவிடுகிறது.

ஆகவே, அந்த ரோமாபுரிக் காசு என்பது என்ன, அதில் இருந்த தெய்வத்தன்மையின் யோக்கியதை என்ன என்பதைச் சற்று விவரமாகவே சொல்ல ஆசைப்படுகின்றோம்.

ரோமாபுரிக் காசு தமிழ்நாட்டிற்குப் புதிதல்ல. கொங்குநாட்டில் பொள்ளாச்சி, வெள்ளலூர், கரூர் முதலிய இடங்களில் பானை பானையாக வெள்ளிக் காசு கிடைத்திருக்கிறது. சென்னை எழும்பூர் மியூசியத்தில் போய்ப் பார்க்கலாம். கிரேக்க மாலுமி ஒருவன் முதல் நூற்றாண்டில் எழுதி வைத்த "பெரிப்ளூஸ்" என்ற துறைமுகக் கணக்கில் சோழக் கரையில் கமரா, பொதுகே, சொபட்மா என்று மூன்று பட்டணங்கள் வருகின்றன. இதில் பொதுகே என்பது பழவேற்காடுதான் என்று சொன்னவர்களும் உண்டு. 1945-ல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டைத் தோண்டிப் பார்த்தபிறகு, அதுதான் பொதுகே என்று பெரும்பாலோர் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். ஊர்ப் பெருமைக்காக நாம் அதோடு சண்டைக்குப் போகவேண்டியதில்லை.

மிளகும், முத்தும், மெல்லிய துணியும் இங்கிருந்து போயிற்று. பொன்னும் வெள்ளியும் அங்கிருந்து வந்தது. இந்தியாவுக்கு மட்டும் வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் பணம் போய்விடுகிறதே என்று பிளினி என்ற ரோமாபுரி அறிஞர் அங்கலாய்த்து எழுதியிருக்கிறார். 100 செஸ்டர்ஸ் ஒரு பொற்காசு. ஆகவே 5 லட்சம் பொற்காசு. அகஸ்டஸ் காலத்துப் பொற்காசு ஒன்று நம் ஒரு பவுன் எடைக்குக் கொஞ்சந்தான் குறைவு.

இனி அந்தக் காசில் இருந்ததைப் பாருங்கள். நம் நாட்டில் மிக அதிகமாகக் கிடைக்கும் அகஸ்டஸ் சீசரின் காசில் முன்பக்கம் அவன் தலை. அதைச் சுற்றி "தெய்வத்தின் மகன்" என்று லத்தீன் எழுத்து. யார் அந்தத் தெய்வம்? அவனைச் சுவீகாரம் எடுத்த ஜூலியஸ் சீசர்! கி.மு. 44-ல் கத்திக்குத்துப்பட்டுச் செத்த சீசரை, இரண்டு வருஷம் கழித்துச் செனெட்டு சபை தீர்மானம் போட்டுக் கடவுளாக்கிற்று. நம் நாட்டிலாவது கடவுள்களைப் புராணக்காரன் உண்டாக்கினான். ரோமாபுரியில் ஓட்டுப் போட்டு உண்டாக்கினார்கள்! சீசர் செத்த வருஷம் வானத்தில் ஒரு வால்நட்சத்திரம் தெரிந்ததாம். அதுதான் சீசரின் ஆத்மா என்று சொல்லி அதையும் காசில் அடித்துவிட்டார்கள். அப்பன் தெய்வமானால் பிள்ளை தெய்வத்தின் பிள்ளைதானே? பிறகு அவன் கேட்கும் வரியை யார் மறுக்க முடியும்?

மறுபக்கம் இன்னும் வேடிக்கை. அகஸ்டஸின் பேரப்பிள்ளைகளும் சுவீகாரப் பிள்ளைகளுமான காயுஸ், லூசியஸ் என்ற இருவர் நிற்கிறார்கள். நடுவில் கேடயமும் ஈட்டியும். அவற்றிற்கு மேலே ஒரு கரண்டியும் ஒரு வளைந்த கோலும். இந்தக் கரண்டி என்ன, கோல் என்ன என்று கேட்பீர்கள். கரண்டி, பலி கொடுக்கும்போது திராட்ச ரசம் ஊற்றும் பூசாரிக் கரண்டி. கோல், பறவை பறக்கும் திசையைப் பார்த்துச் சகுனம் சொல்லும் குருமாரின் கோல். அதாவது, ஈட்டியும் கேடயமும் கீழே; பூசாரியும் ஜோசியனும் மேலே. அரசாட்சி என்பது எதன்மேல் நிற்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக எந்தச் சரித்திரப் புத்தகமும் சொன்னதில்லை. நாம் நாற்பது பக்கம் எழுதிச் சொல்லுவதை அந்த அக்கசாலைக்காரன் அரையங்குல வெள்ளியில் சொல்லிவிட்டான்.

சகுனக்கோல் யாருக்கென்றால் லூசியஸுக்கு. ஊருக்கெல்லாம் சகுனம் பார்க்கும் அந்தப் பதவியிலிருந்த லூசியஸ் கி.பி. 2-ல் பதினெட்டு வயதில் செத்தான். கரண்டிக்காரனான காயுஸ் இரண்டு வருஷம் கழித்து இருபத்துமூன்று வயதில் செத்தான். தெய்வத்தின் மகனுக்கு இதில் ஒன்றும் முன்கூட்டித் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அத்தனை லட்சம் காசை வீணாக அடித்திருப்பானா?

அடுத்த சக்ரவர்த்தி டைபீரியஸ் காசில் "குருக்களுக்கெல்லாம் தலைமைக் குரு" என்றே பட்டம். அகஸ்டஸ் கி.பி. 14-ல் செத்தபோது நடந்த கூத்து சரித்திர ஆசிரியர்களே எழுதி வைத்தது. நியுமேரியஸ் அட்டிகஸ் என்ற செனெட்டு மெம்பர் ஒருவர், சக்ரவர்த்தியின் ஆத்மா சிதையிலிருந்து ஆகாயத்துக்கு ஏறிப்போனதைத் தன் கண்ணால் கண்டதாகச் சத்தியம் செய்தார். அதற்கு ராணி லிவியா அம்மாள் அவருக்குக் கொடுத்த தொகை 10 லட்சம் செஸ்டர்ஸ். ஒரு ரோமாபுரிச் சிப்பாயின் வருஷச் சம்பளம் அப்போது 900 செஸ்டர்ஸ். ஆயிரத்து நூறு சிப்பாய்கள் ஒரு வருஷம் பனியிலும் வெயிலிலும் உயிரைப் பணயம் வைத்து வாங்குவதை, இந்தப் பெரியமனிதர் ஒரே ஒரு பொய்யில் வாங்கிவிட்டார்! நம் ஊரில் கனவில் அம்மன் வந்தாள் என்று சொல்லுகிறவனுக்குத் தேங்காய் மூடியும் சில்லறையுந்தான் கிடைக்கிறது. தொழில் ஒன்றுதான், கூலிதான் வித்தியாசம். இவர்களில் கொஞ்சமாவது யோக்கியன் வெஸ்பேசியன். சாகப்போகும் சமயத்தில், தான் கடவுளாகிக்கொண்டிருப்பதாகத் தோன்றுகிறதென்று அவனே கேலி பேசினானாம். சொந்த வியாபாரத்தின் ரகசியம் முதலாளிக்குத் தெரியாமலிருக்குமா? ஆனாலும் அந்த யோக்கியன் அடித்த காசிலேதான், யூத நாட்டை ஜெயித்ததற்கு அடையாளமாக, ஒரு பெண் ஈச்சமரத்தடியில் உட்கார்ந்து அழுகின்ற உருவம் இருக்கிறது. தோற்ற நாட்டின் கண்ணீரை அச்சுப் போட்டு, அதையே கடைத்தெருவில் செலவாணியாக்கினார்கள்.

நிற்க. இந்தக் காசுகள் நம் நாட்டுக்கு வந்தபோது நம் ஜனங்கள் என்ன செய்தார்கள்? 1898-ல் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் ஆலங்குடிப் பக்கம் கறுக்காக்குறிச்சி என்ற ஊரில் ஒரு பானையில் 501 ரோமாபுரிப் பொற்காசுகள் கிடைத்தன. அகஸ்டஸ் முதல் வெஸ்பேசியன் வரையிலுள்ள சக்ரவர்த்திகளின் காசுகள். அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் சக்ரவர்த்தியின் முகத்துக்குக் குறுக்கே உளியால் ஓங்கி ஒரு வெட்டு விழுந்திருக்கிறது. கன்னத்தில், கழுத்தில், நெற்றியில் வெட்டு. பொன் முழுவதும் பத்திரம். தெய்வத்தின் மகனுக்குத்தான் தலையில் காயம்.

இதற்குக் காரணம் சொல்ல வந்த பண்டிதர்கள் பலவிதமாகச் சொல்லுகிறார்கள். தேய்ந்துபோன காசைச் செலவாணியிலிருந்து எடுப்பதற்கு வெட்டினார்கள் என்பது ஒன்று. உள்ளே செம்பா, முழுப் பொன்னா என்று சோதிக்க வெட்டினார்கள் என்பது மற்றொன்று. அந்நிய அரசனின் அதிகாரம் இங்கே செல்லாது என்று காட்ட வெட்டினார்கள் என்பாரும் உண்டு. எது வேண்டுமானாலும் இருக்கட்டும். மூன்றில் எதை எடுத்துக்கொண்டாலும், உளியைப் பிடித்தவன் கை நடுங்கவில்லை என்பது மட்டும் நிச்சயம். இது தெய்வத்தின் முகமாயிற்றே, வெட்டினால் கண் போய்விடுமே, வம்சம் அழியுமே என்று அவன் நினைக்கவில்லை. தராசும் உரைகல்லுந்தான் அவனுக்கு வேதம். அந்தப் பெயர் தெரியாத தட்டானை நமது இயக்கத்தின் முன்னோடியாகச் சொல்லிக்கொள்ள நமக்கு ஆசையுண்டு. ஆனால் அவன் அங்கத்தினர் சந்தா கட்டியதற்கு அத்தாட்சி இல்லை.

அதே காலத்தில் மற்றொரு ரகமும் இருந்தது. ரோமாபுரிக் காசைப்போலவே இங்கே போலிக் காசு செய்து, லத்தீன் எழுத்து தெரியாததால் கோடு கோடாகக் கிறுக்கி வைத்தார்கள். நல்ல காசில் துளை போட்டுக் கழுத்தில் கட்டிக்கொண்டார்கள். அர்த்தம் தெரியாத எழுத்துக்கு மதிப்பு அதிகம் என்பது இன்று நேற்று வந்த பழக்கமல்ல. அர்த்தம் தெரியாத மந்திரத்திற்குத் தட்சணை கொடுக்கிற நாம் அதைக் குறை சொல்லவும் வழியில்லை. கேள்வியெல்லாம், நாம் இந்த இரண்டு ரகத்தில் எந்த ரகத்தின் வாரிசு என்பதுதான்.

சிலர் நம்மைக் கேட்கலாம்: "ரோமாபுரிக் கதை நமக்கெதற்கு? நம் அரசர்கள் அப்படியா?" என்று. அரசன் சிறு பிள்ளையாயிருந்தாலும் மனிதன் என்று எண்ணிவிடாதே, அவன் மனித உருவில் இருக்கும் பெரிய தெய்வம் என்று மனுதர்மத்தின் 7-வது அத்தியாயம் சொல்லுகிறதே, அது ரோமாபுரியிலா எழுதப்பட்டது? அரசனைத் தெய்வமாக்குகிறவனுக்கு அரசன் மானியம் கொடுக்கிறான். மானியம் வாங்கினவன் மறுபடி அரசனைத் தெய்வமாக்குகிறான்.

வெள்ளைக்காரன் இந்த ரகசியத்தை வந்தவுடனே கற்றுக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போய் விக்கிரகாராதனை பாவம் என்று கேட்டுவிட்டு வந்த சென்னைக் கம்பெனிக்காரன், திங்கட்கிழமை தன் அக்கசாலையில் வெங்கடாசலபதியையும் இரு தேவிமாரையும் பொறித்து "மூன்று சாமி வராகன்" அடித்தான். சாமி முகம் இருந்தால்தான் இந்த நாட்டில் காசு செல்லும் என்று கண்டுகொண்டான். அவனுடைய கடவுளும் கோபித்துக்கொள்ளவில்லை. நம்முடைய வெங்கடாசலபதியும் மிலேச்சன் கையில் அச்சாக மாட்டேன் என்று மறுக்கவில்லை. இலாபம் இருக்கும் இடத்தில் எல்லாக் கடவுள்களும் சமரசமாகவே இருக்கிறார்கள். 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பேரில் வந்த ரூபாயில், அவர் அங்கியிலிருந்த சின்ன யானை பன்றியைப்போலத் தெரிகிறதென்று ஒரு கூக்குரல் கிளம்பிற்று. சர்க்கார் பயந்துபோய், மறுவருஷமே அச்சை மாற்றி யானைக்குத் தும்பிக்கையைத் தெளிவாக்கிற்று. ஒரு ரூபாயில் எத்தனை நாள் ஒரு கூலிக்காரன் குடும்பம் வயிறு கழுவவேண்டும் என்பதைப்பற்றி அவ்வளவு பெரிய கூக்குரல் கிளம்பியதாகத் தெரியவில்லை.

அந்நியன் போய்விட்டானே, இப்போதாவது காசு வெறும் காசாக இருக்கிறதா? 2012-ல் இந்திய சர்க்கார் வைஷ்ணவ தேவி உருவம் போட்டு 5 ரூபாய், 10 ரூபாய் நாணயம் வெளியிட்டது. மதச்சார்பற்ற சர்க்கார் இப்படிச் செய்யலாமா என்று கேட்டுப் போட்ட வழக்கை டெல்லி ஐக்கோர்ட்டு 2018-ல் தள்ளிவிட்டது. 2022-ல் டெல்லி முதல் மந்திரியாயிருந்த அரவிந்த் கெஜ்ரிவால், ரூபாய் நோட்டில் லட்சுமி, கணேசர் படம் போட்டால் நாட்டின் பொருளாதாரம் சீர்படத் தெய்வ அருள் கிடைக்கும் என்று பிரதம மந்திரிக்கு யோசனை சொன்னார். அவர் இஞ்சினீயரிங் படித்தவர். வருமான வரி இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். அந்த வராகனில் சாமி மூன்று பேர் இருந்தும் நாட்டைக் கம்பெனிக்காரன் கொண்டுபோனானே, அப்போது அருள் எங்கே போயிற்று என்று அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை. குப்பத்துக் கிழவியை மூடநம்பிக்கைக்காரி என்று சொல்ல நமக்கு வாய் கூசுகிறது. அவள் ஒரு காசைப் பேரன் இடுப்பில்தான் கட்டினாள். இவர்கள் நாட்டின் இடுப்பிலேயே கட்டப் பார்க்கிறார்கள்.

நம்மவர்களிலும் ஒரு சாராருக்கு ஒரு வார்த்தை. ரோமாபுரிக் காசைக் காட்டி, "சக்ரவர்த்திகள் நம்மைத் தேடி வந்தார்கள், பொன்னைக் கொட்டினார்கள்" என்று மேடையில் மார்தட்டுவது இப்போது அதிகமாகிவிட்டது. வந்தது உண்மை, கொட்டியதும் உண்மை. யார் மடியில் கொட்டினார்கள்? பாண்டிய நாட்டு முத்துக்குளிப்பு தண்டனை அடைந்த கைதிகளைக்கொண்டு நடத்தப்பட்டது என்று முன்சொன்ன அதே பெரிப்ளூஸ் எழுதுகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆழத்தில் இறங்கினவன் கைதி. முத்து ரோமாபுரிச் சீமாட்டி காதில். பொன் அரசன் பெட்டியில். கறுக்காக்குறிச்சிப் பானை ஒரு முத்துக்குளிக்கிறவன் வீட்டுப் பானையாக இருக்கும் என்று யாராவது நம்புகிறீர்களா? இன்றைக்கும் பழவேற்காட்டு ஏரியில் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்பதைப் "பாடு" என்ற முறையில் சாதியைக்கொண்டும் குப்பத்தைக்கொண்டும் பங்கு பிரித்து வைத்திருக்கிறார்கள். பாடு உள்ளவனுக்குத் துறை உண்டு. இல்லாத இருளருக்கும் ஆதிதிராவிடருக்கும் கரை ஓரத்துச் சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கிற உரிமைதான். ஏரிக்குக் கிழக்கே ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பும்போது இந்தக் குப்பங்களில் எல்லாச் சாதியாரும் ஒன்றாக நின்று அண்ணாந்து பார்க்கிறார்கள். அது முடிந்ததும் அவரவர் பாட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

பழங்காசு சேர்ப்பதை நாம் குற்றம் சொல்லவில்லை. தபால் தலை சேர்ப்பதைப்போல அது ஒரு நல்ல பொழுதுபோக்கு; படிப்புக்கூட. ஒரு பையன் கையில் அகஸ்டஸ் காசைக் கொடுத்து, மேலே இருக்கிற கரண்டி யாருடையது, கீழே இருக்கிற ஈட்டி யாருடையது என்று கேட்டால் அரசியலும் மதமும் ஒரே பாடத்தில் முடிந்துவிடும். ஆனால் பணக்காரச் சேகரிப்பாளர்கள் வெட்டுப்பட்ட காசை "ஊனமுள்ள சரக்கு" என்று விலை குறைத்துக் கேட்கிறார்களாம். நம்மைக் கேட்டால் வெட்டு இல்லாத காசுக்குத்தான் விலை குறைவு.

இவ்வளவும் அன்று திண்ணையில் பேசியதுதான். இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதினோம். பேச்சு முடியும்வரை கிழவியின் மகன் வலையைப் பொத்திக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "அய்யா, காசு கிடைச்சுதுன்னு போய்ச் சொன்னா உள்ளே போட்டுட மாட்டாங்களா?" என்று கேட்டார்.

இந்தப் பயம் நியாயமானது. இதை வைத்துத்தான் மோட்டார் பேர்வழி பிழைக்கிறான். ஆகவே அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்லுகிறோம். 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, மண்ணில் புதைந்து கிடந்த பொருள் 10 ரூபாய்க்கு மேல் பெறுமானால், கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கவேண்டும். தெரிவித்தவனுக்குத் தண்டனை கிடையாது. மறைத்தவனுக்குத்தான் ஒரு வருஷம் வரை ஜெயில். புதைத்தவன் வாரிசு என்று யாரும் வந்து நிலைநாட்டாவிட்டால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கும் நிலத்துக்காரருக்குக் கால் பங்கும் சேரும். சர்க்காரே எடுத்துக்கொள்வதானால் உலோகத்தின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கவேண்டும். 1972-ம் வருஷத்துச் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகத் தனி நபருக்கு உரிமையே இல்லை. ஆகையால் "வெளிநாட்டுக் கம்பெனி கோடி ரூபாய்க்கு வாங்கும்" என்று ஒருவன் வந்தால், அவன் ஒன்று திருடன், இல்லாவிட்டால் பொய்யன், பெரும்பாலும் இரண்டுமே.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. வலைக்கத்தியை எடுத்துப் பையனின் கயிற்றிலிருந்து காசை மட்டும் அறுத்து, ஒரு தீப்பெட்டிக்குள் போட்டார். கிழவி கொஞ்ச நேரம் முணுமுணுத்தாள். நாங்கள் பஸ் ஏறுகிறபோது மணி நாலரை. ஆரம்ப சுகாதார நிலையத்துப் பக்கம் போகிற ஆட்டோவில் பேரனைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அவளே முன்னால் ஏறி உட்கார்ந்திருந்தாள்.